கை கொடுக்காமல் பக்கத்தில் நில்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு மலரில் வாசகர் ஒருவர் தம் தாயாரைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்தேன். எண்பத்தொரு வயது அம்மாவை நாற்காலியை விட்டு எழவே விடுவதில்லை, குடிக்கும் தண்ணீரைக்கூடக் கையில் கொண்டுபோய்க் கொடுக்கிறோம், கழிவறைக்குப் போக வேண்டுமானால் இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிவிடுகிறோம் என்று எழுதியிருந்தார். அவருடைய அன்பில் எனக்குச் சந்தேகமே இல்லை. இரண்டு நாள் அந்தத் தாளை மடித்து மேசையில் வைத்திருந்தேன். எழுதாமல் இருக்க முடியவில்லை. அதே அன்பை அதே விதமாகச் செய்து, என் சொந்த அக்காவை ஏறக்குறைய முடக்கிப் போட்டவன் நான்.

நான் மலேசியாவில், கோலகங்சார் வட்டார ரப்பர் தோட்டங்களில், முப்பத்திரண்டு ஆண்டுகள் டிரசராக, அதாவது தோட்ட ஆஸ்பத்திரி மருத்துவ உதவியாளராக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வயது 73. இப்போது சுங்கை சிப்புட்டில் ஒரு வீடமைப்புத் தாமானில் குடியிருக்கிறேன். முட்டி வலி, இடுப்பு வலி என்று தோட்ட ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களுக்கு நான் கொடுத்தது வலி மாத்திரை, தேய்க்கத் தைலம், இரண்டு நாள் எம்.சி. என்னும் மருத்துவ விடுப்பு. கூடவே ஒரு வார்த்தை: "ரெஸ்ட் எடுங்க." விடியும் முன் எழுந்து, பெரட்டு என்னும் பேர் கூப்பிடும் வரிசையில் நின்று, ஐந்நூறு அறுநூறு ரப்பர் மரம் சீவி, காண்டா என்னும் தோள் கம்பில் இரண்டு வாளி ரப்பர் பால் சுமந்து மேடு ஏறி இறங்குகிறவருக்கு அந்த இரண்டு நாள் ஓய்வு மருந்துதான். அவரே வேலையை விட்டு, மகன் வீட்டு ஹாலில் டிவி முன்னால் உட்கார்ந்து பத்து வருடம் கழித்து வந்து கால் வலிக்கிறது என்றபோதும் நான் அதே வார்த்தையைத்தான் சொன்னேன். எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று இப்போது எண்ணிப் பார்க்கவே மனம் வரவில்லை.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்குச் சரியான பிறந்த தேதி தெரியாது. ஐ.சி. என்னும் அடையாள அட்டையில் இருப்பது பதியும்போது யாரோ சொன்ன தேதி. வயதைக் கேட்டால் எங்கள் ஊர்க் கணக்கில் சொல்வார்: "எல்பில் தோட்டத்துல தொரையச் சுட்டாங்கல்ல, அந்த வருஷம் எனக்கு எட்டு வயசு." வெள்ளைக்கார மேனேஜரைச் சுட்ட அந்த நாள் 1948 ஜூன் 16. அதையொட்டித்தான் மலாயாவில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் வந்தது. சரித்திரப் புத்தகத்தில் இருக்கும் அந்த நாள் அக்காவுக்கு வெறும் வயதுக் கணக்கு. பதினான்கு வயதில் அம்மாவோடு ரப்பர் மர நிரைக்குப் போனவர், ஐம்பத்தைந்து வயது வரை மரம் சீவினார். நான் ஐந்தாம் படிவம் வரை டவுனுக்குப் பஸ்ஸில் போய்ப் படித்தது அக்காவின் சம்பளத்தில். கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போன பிறகும் சம்பள நாளன்று என் பஸ் காசைத் தனியாகச் சேலை முந்தியில் முடிந்து வைத்திருப்பார். அந்தக் கால்கள் எனக்கு எவ்வளவு பெரியவை என்பதை வாசகர்கள் புரிந்துகொள்வார்கள்.

இரண்டு வருடங்களுக்கு முன் அக்காவுக்கு நிமோனியா வந்தது. பத்து நாள் வார்டில் படுத்திருந்தார். அதற்கு முன் வாசல் பெருக்குவார், மூலைக் கடை வரை நடந்துபோய்க் கருவாடு வாங்கி வருவார். காய்ச்சல் குணமாகி வீட்டுக்கு வந்தபோது கட்டிலிலிருந்து எழ முடியவில்லை. எல்லாரும் சொன்னோம், "வயசாயிருச்சு." நானும் சொன்னேன். மருத்துவம் படித்தவன் என்று என் வார்த்தையை நம்பிய மருமகனிடம், அக்காள் மகனிடம், நானே சொன்னேன்: "அம்மாவை ஆட்டாதே, உடம்பு தேறட்டும்."

அப்போது எனக்குத் தெரியாத ஒன்றைப் பின்னால் தெரிந்துகொண்டேன். 2007இல் அமெரிக்காவில் நல்ல ஆரோக்கியமான முதியவர்கள் பதினொரு பேரைப் பத்து நாள் படுக்கையில் வைத்துப் பார்த்தார்கள். சராசரி வயது 67. நோய் நொடி இல்லை, வேளாவேளைக்குச் சாப்பாடு. பத்தே நாளில் கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்துவிட்டது. என் அக்காவுக்கோ எண்பதைத் தாண்டிய வயது, காய்ச்சல், வாய்க்கு ருசியில்லை. அந்தப் பத்து நாளுக்குப் பிறகு நாங்கள் செய்தது என்ன? இன்னும் ஆறு மாதம் உட்கார வைத்தோம்.

அந்த ஆறு மாதத்தில் எனக்கு இன்றும் உறுத்துவது ஒன்று. அக்கா தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார். டம்ளரை நீட்டினால், "வேணாம் தம்பி, அப்புறம் அதுக்கு வேற உங்கள எழுப்பணும்" என்பார். வீட்டில் யார் எப்போது ஓய்வாக இருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் சிறுநீர் கழிக்க வேண்டும் என்று ஒரு மனுஷி தன் தாகத்தை அடக்கிக்கொண்டிருந்தார். நாங்கள் அதை அடக்கம் என்று நினைத்தோம்.

பிறகு அரசாங்கக் கிளினிக் டாக்டரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு, பிசியோ என்னும் இயன்முறைச் சிகிச்சைக்குப் போனோம். சின்னப் பெண், என் பேத்தி வயது இருக்கும், தமிழ்ப்பிள்ளை. அக்காவைத் தூக்கி நிறுத்த மருமகன் கையைக் கொடுத்தபோது அவரை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அங்கிள், பாட்டி யாரும் தூக்கிவிடாம கடைசியா எழுந்தது எப்ப?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அக்காவுக்கும் தெரியவில்லை.

அந்தப் பெண் அன்று விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். நிறைந்த பால் வாளி இரண்டைக் காண்டாவில் தூக்கி மெதுவாக மேடு ஏறுவது ஒரு பலம். நிரையில் காலடியில் பாம்பைக் கண்டு ஒரே எட்டில் பின்னால் தாவுவது இன்னொரு பலம். இரண்டையும் செய்வது அதே கால்தான். முதலாவதில் எவ்வளவு பாரம் என்பது கணக்கு. இரண்டாவதில் எவ்வளவு சீக்கிரம் என்பதும் கணக்கு. பவர் என்று அவர்கள் சொல்வது இந்த இரண்டாவதை. நம் தசையில் மெதுவாக நெடுநேரம் இழுக்கும் நார்களும் உண்டு, சட்டென்று இழுத்துச் சீக்கிரம் களைக்கும் நார்களும் உண்டு. வயதாக ஆக அதிகமாக மெலிவது சட்டென்று இழுக்கும் நார்கள். 1994இல் இங்கிலாந்தில் 65 முதல் 89 வயது வரை உள்ள ஆரோக்கியமானவர்களை அளந்து பார்த்தார்கள். பலம் வயது ஒன்றுக்கு 1 முதல் 2 விழுக்காடு குறைந்திருந்தது. காலின் பவரோ 3.5 விழுக்காடு. இரண்டும் ஒரே வேகத்தில் போவதில்லை.

இது ஏன் முக்கியம்? கால்மிதியின் ஓரத்தில் பாதம் தட்டினால் அடுத்த காலை முன்னால் கொண்டுவந்து ஊன்ற நமக்கு ஒரு விநாடிகூடக் கிடைப்பதில்லை. அதற்குள் வந்து சேராத பலம் இருந்து என்ன பயன்? நாற்காலியிலிருந்து எழுவதும் அதே கதை. மெதுவாக, பயந்து பயந்து எழ முயன்றால் பாதி உயரத்தில் தொடை நடுங்கி மறுபடி தொப்பென்று உட்கார்ந்துவிடுகிறோம். ஒரே உந்தலில் எழுகிறவர் எழுந்துவிடுகிறார். நாம் முதியவர்களிடம் நாள் முழுதும் சொல்வதோ, "மெல்ல, மெல்ல, அவசரப்படாதே." நடக்கும்போது அது சரி. பிடிமானத்தோடு, பாதுகாப்பாக, எழும் பயிற்சி செய்யும்போது அது தப்பு.

"இந்த வயசுக்கு மேல தசை வளருமா?" என்று நான் அந்தப் பெண்ணிடம் கேட்டேன். முப்பத்திரண்டு வருட டிரசர் கேட்ட கேள்வி அது. அவள் சொன்னதைப் பிறகு என் மகள் தேடி எடுத்து வாசித்தும் காட்டினாள். 1990இல் போஸ்டனில் மரியா ஃபியாத்தரோன் என்ற டாக்டரும் அவருடன் இருந்தவர்களும் முதியோர் இல்லத்தில் இருந்த பத்துப் பேருக்கு, எல்லாரும் தொண்ணூறு வயதை ஒட்டியவர்கள், எட்டு வாரம் கால் பலப் பயிற்சி கொடுத்தார்கள். முடித்தவர்களின் தொடை பலம் சராசரியாக 174 விழுக்காடு கூடியது. இரண்டு பேர் கைத்தடியை விட்டுவிட்டார்கள். நான்கு வருடம் கழித்து நூறு பேரை வைத்துப் பெரிதாகச் செய்தார்கள். சராசரி வயது 87, பத்து வாரம். பலம் இரண்டு மடங்குக்கு மேல் கூடியது. நடை வேகமும் மாடிப்படி ஏறும் சக்தியும் கூடின. எந்திரத்தில், பக்கத்தில் ஆள் நின்று, படிப்படியாகப் பாரம் ஏற்றிச் செய்தது அது. நம் வீட்டு ஹாலில் அதே எண் வரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வளராது என்ற பேச்சு அன்றோடு முடிந்திருக்க வேண்டும். நான் டிரசராக இருந்த காலத்திலேயே வெளியான செய்தி இது. எங்கள் தோட்டத்துக்கு அது வந்து சேரவே இல்லை.

இரண்டாவது ஆய்வில் இன்னொன்றும் பார்த்தார்கள். பயிற்சி இல்லாமல் சத்துபானம் மட்டும் கொடுத்தவர்களுக்கு பலம் கூடவில்லை. பெற்றோரைப் பார்க்க வரும் பிள்ளைகள் பெரிய டின் பால்மாவு வாங்கி வருகிறீர்கள். விலை எனக்குத் தெரியும். அதைக் கரைத்துக் கொடுத்து நாற்காலியில் உட்கார வைத்தால் அந்தச் சத்து காலுக்குப் போகாது.

இனி, நாங்கள் வீட்டில் என்ன செய்தோம் என்று எழுதுகிறேன். மற்றவர்கள் அப்படியே செய்ய வேண்டும் என்பதற்காக இல்லை. எவ்வளவு சின்னதாகத் தொடங்கலாம் என்பது தெரியட்டும்.

முதல் இரண்டு வாரம் எழுவதே இல்லை. அக்கா உட்கார்ந்தபடியே ஒரு காலை முன்னால் நீட்டி மடக்குவார், பிறகு மறு காலை. அந்தப் பெண் சொன்ன முறை ஒன்றே ஒன்று: நீட்டும்போது சுருக்காக, மடக்கும்போது மூன்று எண்ணி மெதுவாக. ஒரு காலுக்கு எட்டுத் தடவை, ஓய்வு, மறுபடி எட்டு. அடுத்து உட்கார்ந்த இடத்திலேயே முட்டியை மாற்றி மாற்றித் தூக்குவது, பட்டாளத்து நடை மாதிரி, முடிந்த வேகத்தில். பிறகு குதிகாலைத் தூக்கி இறக்குவது. வாரத்தில் மூன்று நாள், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி. கட்டிலில் படுத்திருக்கும்போது முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து அதைக் கீழே அழுத்துவது. படுக்கையை விட்டு இறங்கவே முடியாதவர்களுக்கு இதுகூட ஆரம்பம்தான். மூன்றாம் வாரம் பழைய கைலித் துணியில் இரண்டு பை தைத்து, அரைக் கிலோ பச்சைப்பயறு போட்டு, கணுக்காலில் கட்டினோம்.

பிறகுதான் நாற்காலி. வீட்டில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியை அந்தப் பெண் வேண்டவே வேண்டாம் என்றாள். டைல்ஸ் தரையில் வழுக்கும், கை ஊன்றினால் ஒரு பக்கமாகக் கவிழும். ஒரு தோட்டத்து ஆபீசை மூடியபோது நான் வாங்கி வைத்த மர நாற்காலி ஒன்று இருந்தது, இரண்டு பக்கமும் கைப்பிடி, நல்ல கனம். அதைச் சுவரோடு ஒட்டிப் போட்டோம். உட்காரும் இடத்தில் கெட்டியான மெத்தை இரண்டு. உயரம் கூடக் கூட எழுவது சுலபம். நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்து வர வேண்டும், பாதத்தை முட்டிக்குச் சற்றுப் பின்னால் இழுத்து வைக்க வேண்டும், மூக்கு கால்விரலுக்கு மேல் வரும் அளவுக்கு முன்னால் குனிய வேண்டும், அப்புறம் எழ வேண்டும். பெரும்பாலானவர்கள் சாய்ந்தபடியே எழப் பார்க்கிறார்கள். அப்படி யாராலும் எழ முடியாது, உங்களாலும் முடியாது, இப்போதே செய்து பாருங்கள்.

அக்கா குனிந்தார், கைப்பிடியைப் பிடித்தார், நின்றுவிட்டார். பயம். "விழுந்துருவேன் தம்பி." மருமகன் பழக்கத்தில் கையை நீட்டினார். அந்தப் பெண் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். எனக்கு அப்போது என்ன தோன்றியதோ, சின்ன வயதில் லயத்து வாசலில் கேட்ட குரலில், "அக்கா, பெரட்டு மணி அடிச்சாச்சு, கங்காணி பேர் கூப்பிடுறாரு!" என்றேன்.

எழுந்துவிட்டார். இரண்டு கையும் கைப்பிடியை அழுத்தித் தள்ளித்தான் எழுந்தார், அது உண்மை. ஆனால் யாரும் தொடவில்லை. நின்று, சுற்றிப் பார்த்து, "பேரு குடுத்தாச்சா?" என்றார். எங்கள் வீட்டில் அன்றிலிருந்து அதுதான் சொல். எழும்போது பெரட்டு மணி. உட்காரும்போது ஒண்ணு, ரெண்டு, மூணு என்று வாய்விட்டு எண்ணுவது. வாய்விட்டு எண்ணுவதில் இன்னொரு நன்மை, மூச்சை அடக்க முடியாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு முக்கினால் இரத்த அழுத்தம் ஏறும்.

ஐந்தாம் வாரம் நான் பேராசைப்பட்டேன். நன்றாக எழுகிறாரே என்று ஒரு மெத்தையை எடுத்துவிட்டு, எட்டுக்குப் பதிலாகப் பன்னிரண்டு செய்யச் சொன்னேன். மறுநாள் வலது முட்டி வீங்கிவிட்டது. ஒன்பது நாள் நிறுத்த வேண்டி வந்தது, திரும்பத் தொடங்கியபோது இரண்டு மெத்தையிலிருந்துதான் தொடங்க முடிந்தது. பிசியோ பெண் என்னைத் திட்டவில்லை, ஒரு கணக்குச் சொன்னாள். கடைசித் தடவை முடிக்கும்போது "இன்னும் ரெண்டு செய்யலாம்" என்று இருக்க வேண்டும். எழும் வேகம் குறையத் தொடங்கினாலே அன்றைக்குப் போதும். தொடையில் ஒன்றிரண்டு நாள் இலேசான வலி இருந்தால் பரவாயில்லை. மூட்டு வீங்கினாலும் சுரீரென்று குத்தினாலும் குறைக்க வேண்டும். ஒரே தடவையில் கூட்டுவதானால் ஒன்றை மட்டும் கூட்டு: உயரத்தைக் குறைத்தால் எண்ணிக்கையைத் தொடாதே.

எல்லாருக்கும் இது உடனே பொருந்தாது என்பதையும் எழுதியாக வேண்டும். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், அண்மையில் மாரடைப்பு அல்லது பக்கவாதம், இடுப்பு முட்டி அறுவைச் சிகிச்சை, கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரையோ பிசியோவையோ கேட்காமல் தொடங்கக் கூடாது. இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு எழுந்ததும் தலை சுற்றலாம். எழுந்து, பிடித்தபடி, பத்து எண்ணி நின்ற பிறகே காலை எடுத்து வைக்க வேண்டும். இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, உள்ளவர்கள் வெறுங்காலோடு செய்ய வேண்டாம், பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் காயம் பட்டதே தெரியாது. ஸ்லிப்பரும் வேண்டாம், குதிகாலைப் பிடித்திருக்கும் காலணி வேண்டும். கைலி, சேலை தரையில் புரளாமல் தூக்கிச் செருகியிருக்க வேண்டும்.

நான்கு மாதம் கழித்து அந்தப் பெண் அக்காவுக்குக் கடிகாரம் வைத்துப் பார்த்தாள். ஐந்து தடவை எழுந்து உட்கார எவ்வளவு நேரம் என்பது உலகம் முழுதும் செய்யும் ஒரு சோதனை, கையை மார்பில் கட்டிக்கொண்டு செய்ய வேண்டும். ஆசிய நாடுகளின் தசைத் தேய்வு நிபுணர் குழு 2019இல் வகுத்த அளவின்படி 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் உடல் திறன் குறைவு என்று அர்த்தம். அக்கா மெத்தையில்லாத நாற்காலியில், கைப்பிடியை விரலால் தொட்டபடி, 21 விநாடியில் முடித்தார். விதிப்படி பார்த்தால் தேறவில்லை. ஆறு மாதம் ஒரு தடவைகூட எழாதவருக்கு அது என்ன என்பது எங்களுக்குத்தான் தெரியும். அக்கா இன்றும் நான்கு கால் பிடியோடுதான் நடக்கிறார். படி ஏற முடியாது, மூலைக் கடைக்கும் போக முடியாது. ஆனால் இராத்திரி இரண்டு மணிக்கு யாரையும் எழுப்பாமல் கழிவறைக்குப் போய் வருகிறார். தண்ணீரைக் கேட்டு வாங்கிக் குடிக்கிறார்.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாக. நம் முதியவர்கள் பலர் காலையில் தேநீரும் பிஸ்கட்டும், மத்தியானம் இரசம் சோறு, இராத்திரி மறுபடி தேநீரும் ரொட்டியும் என்று காலம் தள்ளுகிறார்கள். வயதானவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும் என்கிறார்கள். ஐம்பது கிலோ உள்ளவருக்கு ஐம்பதிலிருந்து அறுபது கிராம். ஒரு முட்டையில் இருப்பது ஆறு கிராம்தான். அக்காவுக்கு இப்போது காலையில் முட்டை, மத்தியானம் பருப்போடு மீன், இராத்திரி தௌகூ என்னும் சோயாக் கட்டியோ நெத்திலியோ. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்த அளவு பொருந்தாது, டாக்டர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

இப்போது எங்கள் தாமானுக்குப் பக்கத்துக் கோவில் மண்டபத்தில் திங்கள், வியாழன் காலை எட்டு மணிக்கு ஒன்பது பேர் கூடுகிறோம். எல்லாரும் பழைய தோட்டத்து ஆட்கள். தோட்டம் துண்டாடப்பட்டு வெளியேறியவர்கள், ரப்பரை அழித்துச் செம்பனை போட்டபோது வேலை போனவர்கள், பிள்ளைகளோடு மலிவு விலை வீட்டுக்கு வந்தவர்கள். ஒருவருக்கு இனிப்பு நீரால் மூன்று விரல் எடுத்தாயிற்று. ஒரு அம்மாவுக்கு இடது பக்கம் பலவீனம், அவர் பேத்தி பக்கத்தில் நிற்பாள். ஆண்கள் வர மறுக்கிறார்கள். சின்னப்பிள்ளை விளையாட்டு என்கிறார், தோட்டத்தில் ஆட்களை மேய்த்த ஒரு பழைய மண்டோர். டவுன் திடலில் விடியற்காலையில் சீனப் பெரியவர்கள் வரிசையாக நின்று கையையும் காலையும் அசைப்பதை நாம் எதிர்க்கடையில் தேத்தாரே டீ குடித்தபடி எத்தனை வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்! அவர்கள் எழுபதிலும் எண்பதிலும் வருகிறார்கள். நம்மவர்களுக்கு அதில் என்ன கூச்சம் என்று எனக்குப் புரியவில்லை. மண்டோரை நான் விடப் போவதில்லை.

எங்களுக்குப் பெரிய வசதி எதுவும் தேவைப்படவில்லை. ஆனால் ஒன்று பலமாகத் தட்டுப்படுகிறது. மண்டபத்தில் முந்நூறு நாற்காலி இருக்கிறது, கைப்பிடி உள்ளது ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் மடிக்கும் நாற்காலி, அடுக்கும் பிளாஸ்டிக் நாற்காலி. வீட்டிலிருந்து ஆளுக்கு ஒன்று வேனில் ஏற்றிக் கொண்டுபோகிறோம். கோவில் நிர்வாகத்தினருக்கு என் வேண்டுகோள்: அடுத்த முறை மண்டபத்துக்கு நாற்காலி வாங்கும்போது கனமான, கைப்பிடி வைத்த நாற்காலி இருபது வாங்குங்கள். வாசல் படிக்கு இரண்டு பக்கமும் பிடிகம்பி போடுங்கள். கல்யாணத்துக்கு வரும் பாட்டிமார் எல்லாரும் உங்களை வாழ்த்துவார்கள். தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் பள்ளி மண்டபத்தை வாரத்தில் இரண்டு காலை ஒரு மணி நேரம் திறந்துவிடலாம். சமூகநல இலாகாவின் கீழ் பாவே என்னும் மூத்தோர் நடவடிக்கை மையங்கள் நாட்டில் பல இடங்களில் இருக்கின்றன. அறுபது வயதைத் தாண்டியவர்கள் பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று விசாரியுங்கள். அரசாங்கக் கிளினிக்குக்கு மாதாமாதம் மருந்து வாங்கப் போகிறவர்கள், "பிசியோவுக்கு ஒரு கடிதம் வேணும் டாக்டர்" என்று வாய் திறந்து கேளுங்கள். உலகச் சுகாதார நிறுவனமே 2020 வழிகாட்டியில் 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது பலமும் சமநிலையும் சேர்ந்த பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது. நமக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான்.

கடைசியாக, சென்ற ஞாயிறு எழுதிய அந்த வாசகருக்கு. ஐயா, உங்களைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. நீங்கள் செய்வதை நானும் செய்தேன். முதலில் உங்கள் தாயாரை டாக்டரிடம் காட்டி, பயிற்சி தொடங்கலாமா என்று கேளுங்கள். சரி என்றால் கைப்பிடி உள்ள கனமான நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, மெத்தை வைத்து உயரமாக்குங்கள். அம்மாவுக்குப் பாதம் தரையில் நன்றாகப் படிய வேண்டும், அதைப் பாருங்கள். அவருக்கு இடது பக்கமோ வலது பக்கமோ, விழுந்தால் தாங்கும் தூரத்தில், கையைத் தயாராக வைத்துக்கொண்டு நில்லுங்கள். ஆனால் நீங்களாகத் தூக்க வேண்டாம். கொஞ்சம் நேரமாகும். உங்களுக்குக் கை பரபரக்கும், எனக்குப் பரபரத்தது. அவர் எந்தத் தோட்டத்தில் வேலை செய்தார், பெரட்டு எத்தனை மணிக்கு என்று கேளுங்கள்.

முதல் நாள் எத்தனை தடவை எழுந்தார் என்று இந்தப் பகுதிக்கே எழுதிப் போடுங்கள். அக்காவுக்கு நான் வாசித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்ட டிரசர்,
சுங்கை சிப்புட், பேராக்.